மூன்று நாளில் தீரவேண்டிய பீப்பாய்

இங்கிலாந்தில் பப் என்று எல்லோரும் சுருக்கி வழங்கும் ஸ்தலத்தின் முழுப் பெயர் பப்ளிக் ஹவுஸ். நம் மொழியில் சொன்னால் பொது வீடு. மதுக்கடை என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம், கம்பித் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் விற்பனையாளரும், வாங்கியதை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு விலகும் மனிதரும், வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும் மனைவியின் கண்ணீருமாகவே இருப்பதால், அந்தச் சித்திரத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இந்த விஷயத்தைப் பேச வேண்டும். குடியினால் குடும்பங்கள் அழிந்ததை நானும் கண்டிருக்கிறேன். மதுவை நான் தொட்டதில்லை. ஆயினும் வட இங்கிலாந்தின் பழைய ஆலை நகரம் ஒன்றில் வசித்த ஐந்து ஆண்டுகளில், வாரத்துக்கு ஒரு மாலையாவது நான் விரும்பிப் போய் உட்கார்ந்த இடம் எங்கள் தெருக்கோடியில் இருந்த பப்தான். குடிக்காதவனையும் திரும்பத் திரும்ப வரவழைத்த அந்த வீட்டின் விசேஷம் யாது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

இதே கேள்வியை ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் எடுத்துக்கொண்டார். தமக்கு மிகவும் பிடித்தமான பப் என்று ஒன்றை அவர் வருணித்தார்: விக்டோரியா காலத்து மரவேலைப்பாடு, கணப்பில் நல்ல நெருப்பு, வானொலியும் பியானோவும் இல்லாத அமைதி, வருகிறவர்களில் பெரும்பாலோரைப் பெயர் சொல்லி அழைக்கும் பணிப்பெண்கள், குழந்தைகள் ஊஞ்சலாடப் பின்புறம் ஒரு தோட்டம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அப்படியொரு பப் உலகத்திலேயே கிடையாது, தாம் நாடும் பத்து லக்ஷணங்களையும் ஓரிடத்தில் சேர்த்துக் கற்பனை செய்ததே அது என்றார். அவருடைய தீர்ப்பில், ஒரு பப்பை விரும்புவதற்குப் பீரின் தரத்தைக் காட்டிலும் அவ்விடத்தின் சூழலே முக்கியமான காரணம். அந்த மேதையின் கருத்தில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் பீர் வேறு, சூழல் வேறு என்று அவர் பிரித்தது சரியில்லை என்பது என் துணிபு. இதை எனக்குக் கற்பித்தவர் எங்கள் தெருக்கோடிப் பப்பின் விடுதிக்காரர்.

ஒரு குளிர்கால மாலையில், கூட்டம் சேர்வதற்கு முன், அவர் என்னைத் தம் நிலவறைக்கு அழைத்துச் சென்றார். குறுகலான கற்படிகளில் இறங்கினால், சுண்ணாம்பு பூசிய சுவர்களுக்கு நடுவே, சாய்மானச் சட்டங்களின் மேல் பீப்பாய்கள் படுத்திருந்தன. ஆங்கிலேயர் காஸ்க் ஏல் என்று சொல்லும் பழைய முறைப் பீர், ஆலையைவிட்டுப் புறப்படும்போது முற்றுப்பெற்ற பண்டமாக இருப்பதில்லை. அதனுள் ஈஸ்ட் உயிரோடிருந்து, பப்பின் நிலவறையிலேதான் கடைசிக் கட்டமாகப் புளித்துப் பக்குவமடைகிறது. நம் வீட்டில் இட்லி மாவு இரவெல்லாம் பொங்கும் காட்சியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கவேண்டும். பீப்பாயின் முதுகில் மரச்செருகி ஒன்றை அடித்து, மிகுந்த வாயுவை மெல்ல வெளியேறவிட்டு, வண்டல் அடியில் படியும்வரை காத்திருக்கவேண்டும். மேலே கூடத்துக்குச் செல்லும் குழாய்களை வாரந்தோறும் கழுவவேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் குழாய் திறந்தபின்னரோ, கைப்பம்பினால் இழுக்க இழுக்க, வெளியேறும் பீரின் இடத்தில் காற்று புகுந்துவிடுவதால், சுமார் மூன்று நாட்களில் அதன் சுவை கெட்டுவிடுகிறது.

விடுதிக்காரர் அன்று சொன்ன கணக்கு இது: ஃபிர்கின் எனப்படும் சிறிய பீப்பாய் ஒன்பது கேலன், அதாவது 72 பைண்ட் கொள்வது. மூன்று நாளில் அது தீரவேண்டுமானால், அந்த ஒரு பீப்பாயிலிருந்து மட்டும் தினம் இருபத்துநான்கு பைண்ட் இறங்கவேண்டும். அந்த இருபத்துநான்குக்கும் அவரிடம் பெயர்கள் இருந்தன. திங்கட்கிழமை டாமினோ ஆடும் நால்வர், வேலை முடிந்து வரும் பேருந்து ஓட்டுநர், நாயோடு வந்து கணப்பருகே அமரும் விதவை மூதாட்டி, வியாழன்தோறும் வினாடி வினாவுக்குக் கூடும் இளைஞர் கூட்டம் என்று விரல்விட்டு எண்ணினார். இவர்கள் தவறாமல் வருவதால் பீர் நன்றாக இருக்கிறது. பீர் நன்றாக இருப்பதால் இவர்கள் தவறாமல் வருகிறார்கள். இந்தச் சக்கரத்தில் எந்த ஆரம் முதல் ஆரம் என்று யார் சொல்வது? ஆர்வெல் பிரித்துக் காட்டிய இரண்டும் அந்த நிலவறையில் ஒன்றாகவே இருந்தன. 1960களிலும் 70களிலும் பெரிய ஆலைகள், வடிகட்டிச் சூடேற்றி ஈஸ்டை அழித்து, வாயு அழுத்தத்தால் நுரைக்கச் செய்த பீரை நாடெங்கும் பரப்பியபோது, அதை எதிர்த்து 1971ல் காம்ரா என்ற இயக்கம் தோன்றியது ஒரு பானத்தின் ருசிக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. உயிரற்ற பீர் பல வாரங்கள் காத்திருக்கும். அதற்கு வாடிக்கையாளரின் முகமும் தெரியவேண்டாம், நிலவறை அறிந்த விடுதிக்காரரும் வேண்டாம்.

பப்பில் பரிசாரகர் மேஜைக்கு வருவது வழக்கமில்லை. யாராக இருந்தாலும் எழுந்து போய், கவுண்டரில் நின்றுதான் கேட்டு வாங்கவேண்டும். முன்பின் அறியாதவரோடு பேசத் தயங்கும் சுபாவமுடைய ஆங்கிலேயர், அந்த மரப்பலகையின் ஓரத்தில் நிற்கும்போது மட்டும் பக்கத்தில் நிற்பவரோடு மழையைப்பற்றியும் கால்பந்தைப்பற்றியும் சம்பாஷணை தொடங்குவதைத் தங்களுக்குத் தாங்களே அனுமதித்துக்கொள்கிறார்கள். பேச விருப்பமில்லாதவர் கண்ணாடிக் குவளையை எடுத்துக்கொண்டு மூலையிலுள்ள மேஜைக்குப் போய்விட்டால், அவரை ஒருவரும் தொந்தரவு செய்வதில்லை. நண்பர்கள் முறைபோட்டு எல்லோருக்குமாக வாங்கும் வழக்கத்தில், என் முறை வரும்போது நான் பீர் வாங்கியதும், அவர்கள் முறை வரும்போது எனக்கு எலுமிச்சைச் சாறு கலந்த சோடா வந்ததும், எவர் புருவத்தையும் உயர்த்தவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நான் வாய் திறப்பதற்குள் அந்தச் சோடா என் முன்னால் இருந்தது. அன்னிய தேசத்தில் தனியாக வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சோடாக் குவளையின் மதிப்பு தெரியும். ஊரில் என் தாயார் காலமான செய்தி வந்த வாரத்தில் நான் அங்கே போனபோது, விடுதிக்காரர் ஒரு வார்த்தையும் கேட்காமல் கணப்புக்கு அருகிலுள்ள நாற்காலியை எனக்காக நகர்த்திப் போட்டார்.

நான்காம் ஆண்டில் அவர் போய்விட்டார். கட்டடம் அவருடையதன்று, ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமானது. வாடகை உயர்ந்தது, பீரையும் அந்த நிறுவனத்திடமே, வெளிச்சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கவேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இருந்தது. அவருக்குப்பின் பதினெட்டு மாதங்களில் மூன்று பேர் வந்து போயினர். சுவருக்குப் புது வர்ணம் பூசினார்கள், பெரிய தொலைக்காட்சித் திரை மாட்டினார்கள், பீர் புளித்தது. டாமினோக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

இது ஒரு தெருவின் துர்பாக்கியம் மாத்திரமன்று. ஆலைகளே பப்களை உடைமையாக்கித் தங்கள் பீரையே விற்கவைப்பது இங்கிலாந்தின் பழைய ஏற்பாடு. அந்த ஏகபோகத்தை உடைக்கவேண்டுமென்ற நல்லெண்ணத்தோடு 1989ல் அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பப்களை எந்த ஆலையும் இவ்விதம் கட்டிவைப்பதைக் கட்டுப்படுத்தியது. ஆலைகள் ஆயிரக்கணக்கான பப்களை விற்றன. அவற்றை வாங்கியவையோ, பீர் காய்ச்சுவதை அறியாமல், கட்டடத்தின் வருமானத்தையே கணக்கிட்ட கம்பெனிகள். எஜமானர்கள் மாறினார்களே தவிர, விடுதிக்காரரின் கழுத்துக் கயிறு தளரவில்லை. 2016ல் வந்த சட்டவிதிகள், ஐந்நூறும் அதற்கு மேலும் இத்தகைய பப்களை வைத்திருக்கும் கம்பெனிகளின் கீழ் உள்ளவர்களுக்கு, சில தருணங்களில், பீர் நிர்ப்பந்தம் நீங்கிச் சந்தை வாடகை மட்டும் கொடுக்கும் உரிமையைக் கோர வழிசெய்தன. ஆனால் இதற்கிடையில், 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் அறுபதாயிரமாக இருந்த பப்கள் இன்று சுமார் நாற்பத்தையாயிரமாகக் குறைந்துவிட்டன. மலிவு விலையில் பீர் விற்கும் பேரங்காடிகளும், 2007ல் வந்த புகைத்தடையும், மாறிவிட்ட பழக்கங்களும் காரணங்களே. இருந்தபோதிலும், பத்து ஆண்டுகள் ஒரே நிலவறையைப் பேணலாம் என்ற நம்பிக்கையை விடுதிக்காரரிடமிருந்து பறித்துக்கொண்டதையே நான் முதற்காரணமாகச் சொல்வேன்.

அந்த நம்பிக்கையை ஜனங்களே திருப்பிக் கொடுத்த இடங்களும் உண்டு. கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிறு கிராமத்தார், 2003ல் கூட்டுறவு ஏற்படுத்தித் தங்கள் ஓல்ட் கிரவுன் பப்பைத் தாங்களே வாங்கினார்கள். தென்கிழக்கு லண்டனில் நன்ஹெட் வாசிகள், மூடப்பட்ட ஐவி ஹவுஸை, சமூகத்துக்கு மதிப்புள்ள சொத்து என்று 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்வித்து, நூற்றுக்கணக்கானோர் பங்கு போட்டு 2013ல் மீட்டார்கள். எல்லாவற்றையும்விட என்னை நெகிழவைத்தது வடமேற்கு லண்டனிலுள்ள கார்ல்டன் டேவர்னின் கதை. 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அந்தப் பப்பைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும் ஆலோசனை நடந்துகொண்டிருந்த 2015 ஏப்ரலில், உடைமையாளர்கள் அனுமதியின்றி அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அக்கம்பக்கத்தார் சும்மா இருக்கவில்லை. செங்கல்லுக்குச் செங்கல் பழையபடி கட்டித்தர வேண்டுமென்று நகராட்சி உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் அந்த உத்தரவு நின்றது. 2021 ஏப்ரலில் அதே ஓடுகளும் அதே முகப்புமாக அது மறுபடி திறக்கப்பட்டது.

நம் பிள்ளைகள் பலர் இன்று லீட்ஸிலும் மான்செஸ்டரிலும் லண்டனிலும் படிக்கச் செல்கிறார்கள். தங்கும் அறையின் ஜன்னலோரத்தில் தனிமையோடு உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருக்கோடியில் பப் இருந்தால், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் உள்ளே போங்கள். கவுண்டரில் நின்று எலுமிச்சைச் சோடா கேளுங்கள். விடுதிக்காரர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். பத்து ஆண்டு என்று பதில் வந்தால், அடுத்த செவ்வாயும் அங்கேயே போங்கள்.