கையொப்பமிடுமுன் கேட்டறிவோம்

தோழர்களே, "அரச காப்புறுதி" என்றதும் நம் முதியோர் படிவத்தில் கையொப்பமிட்டுவிடக் கூடாது. 'அக்ரஹார' காப்புறுதி அரச ஊழியருக்கும் அரச ஓய்வூதியருக்கும் உரியது; தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை.

நமக்குள்ளது ஊழியர் நம்பிக்கை நிதியம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி தொழில்தருநரே 3 சதவீதம் கட்டுகிறார். நம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்வில்லை பொருத்துவதற்கும் அதில் உதவி உண்டு. ஆனால் வேலையிலிருந்து, பங்களிப்பு ஒழுங்காகக் கட்டப்படும் அங்கத்தவருக்கே அது கிடைக்கும். கண்ணில் புரை விழுந்தவர்கள் ஓய்வுபெறுமுன் விண்ணப்பியுங்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அப்படியிருக்க, சேமலாப நிதியை விளங்காத காப்புறுதியில் போடுவானேன்?

அரச ஓய்வூதியருக்குள்ள பாதுகாப்பு, உழைத்து ஓய்ந்த தோட்டத் தொழிலாளிக்கும் வேண்டும். அதுவே நம் கோரிக்கை.