வலிக்காத தேமல்



குளிக்கும்போதோ, கண்ணாடி முன் நின்று சட்டை மாட்டும்போதோ ஒரு நாள் அது கண்ணில் படுகிறது. முழங்கைக்கு மேலே வெளிறிய ஒரு திட்டு. வலியில்லை, அரிப்பில்லை. எப்போது வந்ததென்றும் தெரியாது. வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்வாரோ? மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் வேறு. "ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்று முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிடுகிறோம். பெங்களூரில் பிழைக்க வந்த நம்மவர் பலர் ஊருக்குப் போவது கிறிஸ்துமஸுக்குத்தான்.

இந்தத் திகில் மருத்துவரையும் விட்டதில்லை. கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோரிடம் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். 1950-களில் ஒருமுறை, நெடிய பயணத்துக்குப் பின் லண்டனில் காலுறையைக் கழற்றியவருக்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார். இரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயைப் பற்றி எல்லாம் அறிந்தவர், இனி பிள்ளைகளை எப்படித் தொடுவேன் என்று விடியுமட்டும் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடியும் குத்தியபோது வலியால் அலறினார்! உடல்நலமில்லாத நிலையில் ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. அதுமுதல் வலிக்காக அவர் தேவனுக்கு நன்றி சொன்னார்.

நமக்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு. தொழுநோயின் திட்டு பெரும்பாலும் வலிப்பதில்லை. அந்த இடத்தில் தொடுவுணர்வு குறைந்திருக்கும். "வலிக்கவில்லையே, பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடக்கூடாதது இதுவே. ஆனாலும் வெளிறிய திட்டெல்லாம் தொழுநோய் அல்ல. தேமல் ஒரு பூஞ்சையால் வருவது. குழந்தைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறல் பெரும்பாலும் தானே மறையும். வெண்குஷ்டம் என்று தவறாகப் பெயர் வைத்துவிட்ட வெண்புள்ளி, குஷ்டமே அல்ல, தொற்றவும் செய்யாது. கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சுத் திரியால் ஒருவர் தொடுவதை உணர முடிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் முடிவு சொல்லவேண்டியவர் மருத்துவர்.

லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். வஸ்திரத்திலும் தோன்றும் என்று அங்கே சொல்லியிருப்பதால், அது இன்றைய தொழுநோய் மட்டும் அன்று. என்றாலும் தடிப்பு கண்டவன் தானே தீர்மானிக்கவில்லை, ஆசாரியனிடம் காட்டினான். சந்தேகமானால் ஏழு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். ஏழு நாள், கிறிஸ்துமஸ்வரை அல்ல! "ஜெபித்துவிட்டேன், காட்டவேண்டாம்" என்போரும் உண்டு. இயேசு தாம் சுகமாக்கிய குஷ்டரோகியையே ஆசாரியனுக்குத் தன்னைக் காண்பிக்கும்படி அனுப்பினாரே.

சிவாஜிநகர் பவுரிங் மருத்துவமனையிலும் விக்டோரியா மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. நகர ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முதலில் காட்டலாம். தொழுநோயே என்றாலும், 1982-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இங்கே அரசு நிலையங்களில் இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். சிகிச்சை தொடங்கியபின் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் நீங்கும். வேலைக்குப் போகலாம், ஒரே தட்டில் பிள்ளைக்கு ஊட்டலாம். தாமதித்தால் நரம்பு கெடுகிறது; கெட்ட நரம்பை மருந்து முழுவதும் மீட்பதில்லை. விரல்கள் உருக்குலைவது உணர்வற்ற கையில் படும் சூட்டினாலும் காயத்தினாலுமே என்று வேலூரில் காட்டியவரும் டாக்டர் பிராண்ட்தான்.

வரன் பார்க்கும் வீட்டாருக்கு இன்னொரு செய்தி. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில், துணைக்குத் தொழுநோய் என்பது மணமுறிவு கேட்க ஒரு காரணமாக இருந்தது. 2019-ல் பாராளுமன்றம் அதை நீக்கிவிட்டது. இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் அப்படியே.