தொட்டிக்குள் எட்டிப் பார்க்காத தலைமை

2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடிக்கிற தண்ணீரில் கோளாறு இருக்கலாம், பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மக்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம் கிடந்தது.

அந்த மருத்துவர்கள் புரட்சி எதுவும் செய்துவிடவில்லை. நோய்க்கான காரணம் குழந்தையின் வயிற்றுக்கு வெளியே இருக்கக்கூடும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். குழந்தைகளின் மனதுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்கிறவர்களிடமும், அவர்களுடைய தொழில்முறைச் சங்கங்களுக்குத் தலைமை தாங்குகிறவர்களிடமும் நான் கேட்பது இதைத்தான்: நீங்கள் எப்போது தொட்டியில் ஏறிப் பார்க்கப் போகிறீர்கள்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை, அவர் வீட்டுக்குள் புகுந்து, உடன் படித்தவர்களே அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்கு முன்பே தொல்லை தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். இதற்குப் பாடநூலில் ஒரு பெயர் உண்டு: பள்ளி மறுப்பு. பிரிவுப் பதற்றமா, தேர்வு பயமா, தாய் அதிகம் செல்லம் கொடுத்தாரா என்று வரிசையாகக் கேட்கச் சொல்லித்தருவார்கள். வகுப்பில் யார் கையில் என்ன நிறக் கயிறு என்று கேட்கச் சொல்லித்தருகிறார்களா? அந்த மாணவர் ஓர் ஆலோசகரிடம் அனுப்பப்பட்டிருந்தால், தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ளச் சொல்லி அதே வகுப்பறைக்குத்தானே திருப்பி அனுப்பியிருப்பார்கள்?

வண்ணக் கயிறுகளைத் தடை செய்யுங்கள், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுங்கள் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு. குழந்தைகளின் மனதில் சாதி என்ன செய்கிறது என்று பேசுவதற்கு ஒரு நீதிபதி வரவேண்டியிருந்தது. அதைப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவருக்கு முன்னால் நின்றிருக்க வேண்டாமா?

“நோயாளியிடம் சாதியைக் கேட்பது அறமா? கேட்டால் சாதியை வளர்ப்பதாகாதா?” என்பார்கள். சரி, அவர்களுடைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். குழந்தை பிறந்தவுடன் அழுததா, எத்தனை மாதத்தில் தலை நின்றது என்பதோடு, அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்றும் ஒரு கேள்வி இருக்கும். சாதியின் அடிப்படை அகமணம் என்று 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார் அம்பேத்கர். அகமணத்தை மரபணுவாகக் கேட்க வருகிற வாய், அதையே சாதியாகக் கேட்கும்போது மட்டும் அடைத்துக்கொள்வது ஏன்? குழந்தையின் சாதிச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. “பள்ளியில் உன்னை யாராவது சாதி சொல்லி இழிவு செய்தார்களா?” என்று கேட்கச் சொல்கிறோம்.

அதே கொலம்பியாவில் பின்னாளில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத் தம்பதி கென்னத் கிளார்க், மேமி கிளார்க். நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். இந்தக் குழந்தைகளுக்குத் தன்மதிப்புப் பயிற்சி கொடுங்கள் என்று கிளார்க் தம்பதி முடித்துக்கொள்ளவில்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அதில் அவர்களுடைய ஆய்வுக்கும் இடம் இருந்தது. குழந்தை உளவியல் நீதிமன்றப் படி ஏறிய நாள் அது.

1968-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நோயுற்ற குழந்தைகளோடு வேலை செய்யும் உளவியலாளர்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டது அந்த ஆண்டுதான். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டு. அதே 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். உங்கள் அமைப்பில் எங்கள் ஆட்கள் எங்கே, மேற்படிப்பில் எங்கள் மாணவர்கள் எங்கே, வறுமையையும் இனவெறியையும் பற்றி ஏன் பேசுவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தைக் கேட்டார்கள். மறு ஆண்டே, கறுப்பினக் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைப்பதை நிறுத்துங்கள் என்றார்கள். 1892-ல் பிறந்த அமெரிக்க உளவியல் சங்கத்துக்கு முதல் கறுப்பினத் தலைவராகக் கென்னத் கிளார்க் வந்தபோது ஆண்டு 1971. இனவெறியை வளர்த்ததில் தன் பங்கை ஒப்புக்கொண்டு அந்தச் சங்கம் மன்னிப்புக் கேட்கவோ 2021 ஆனது. தானாக வந்த மன்னிப்பு அல்ல அது. அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டு வாங்கியது.

இங்கே மன்னிப்பு இருக்கட்டும், கணக்கையாவது காட்டுங்கள். குழந்தைகள் மனநலத்துக்காக இயங்கும் ஒவ்வொரு சங்கமும், தொடங்கிய நாளிலிருந்து தலைவர், செயலாளர் பதவிகளில் தலித்துகள் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று வெளியிடட்டும். தலைமை என்பது மேடையில் பொன்னாடை வாங்குவது இல்லை. மாநாட்டில் எதைப் பற்றிப் பேசுவது, பயிற்சியில் எதைச் சேர்ப்பது, அரசு கருத்துக் கேட்டால் என்ன எழுதிக் கொடுப்பது, எந்தக் கொடுமைக்கு அறிக்கை விடுவது, எதற்கு வாய் மூடுவது என்று முடிவெடுக்கிற இடம் அது. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் குழந்தையின் வலி ‘மருத்துவப் பிரச்சினை’, எந்தக் குழந்தையின் வலி ‘சமூகப் பிரச்சினை, நம் வேலை இல்லை’ என்பது தீர்மானமாகிறது.

ஒரு தலித்தைத் தலைவராக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு அவர் வாயைக் கட்டிப்போடுகிற வித்தையையும் பார்த்திருக்கிறோம். ஆகவே ஆளோடு சேர்த்து விதியும் மாற வேண்டும். சாதி இழிவு குழந்தைக்குச் செய்யப்படும் வன்கொடுமை என்று அறநெறி விதிகளில் எழுதுங்கள். சாதியைப் பயிற்சியில் கட்டாயப் பாடமாக்குங்கள். நிர்வாகக் குழுவில் இட ஒதுக்கீடு கொண்டுவாருங்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதியின் பெயரால் பாகுபாடு இல்லாமல் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. சட்டமே உச்சரித்துவிட்ட சொல்லைச் சொல்ல உங்களுக்கு என்ன கூச்சம்?

உளவியல் படிக்கும் தோழர்களே, சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். இது அரசியல் மேடை இல்லை என்று உட்காரச் சொல்வார்கள். உட்காராதீர்கள். நாங்குநேரி மாணவர் வெட்டுப்பட்ட கையோடு அடுத்த ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தார். என்ன மன உறுதி என்று எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அந்த உறுதியைக் குழந்தைகளிடம் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிற சமூகத்துக்கு என்ன நோய் என்று ஒருமுறையாவது எழுதுங்கள்.