மலிவுக் கருவிகள் வாங்கத் தக்கனவா?

(கேளம்பாக்கம் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கத்துக் குடியானவர்கள் விதையைப்பற்றியும் உரத்தைப்பற்றியும் என்னிடம் கேட்பது வழக்கம். சில வருஷங்களாக வேறொரு கேள்வியும் அடிக்கடி வருகின்றது. சந்தையிலும் சாலையோரக் கடையிலும் பன்னிரண்டு ஸ்பானர்கள் கொண்ட பெட்டி சொற்ப விலைக்குக் கிடைக்கின்றதே, பெயர்பெற்ற சாமானுக்கு மூன்று மடங்கும் நான்கு மடங்கும் ஏன் கொடுக்கவேண்டும் என்பதே அக்கேள்வி. கேட்பவரைக் குறை கூறுவதற்கில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் நிலங்கள் மனைகளாகிவிட்டன. தையூர், மாம்பாக்கம் முதலிய இடங்களில் எஞ்சிநின்று பயிரிடுகிறவர்களின் கையில் பணம் புழங்குவது நெல் விற்ற சில நாட்களில் மட்டுமே.

முற்காலத்தில் குடியானவனுக்கு இக்கவலை இருந்ததில்லை. கலப்பையும் ஏற்றமும் மரத்தாலும் கயிற்றாலும் ஆனவை. அவை பழுதுபட்டால் தச்சனும் கொல்லனும் வந்து செப்பனிடுவார்கள். அவர்களுக்குரியது களத்து மேட்டில் நெல்லாக அளக்கப்படும். இன்றோ மின்சார பம்பு, பவர் டில்லர், களையெடுக்கும் யந்திரம், தெளிப்பான் என எங்கும் போல்ட்டும் நட்டும். கொல்லன் பட்டறை பல ஊர்களில் மூடப்பட்டுவிட்டது. ஆகையால் ஒவ்வொரு குடியானவன் வீட்டிலும் ஒரு சிறு பட்டறை இருந்தே தீரவேண்டியதாகின்றது.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்லுகிறேன். என் சர்க்கிளைச் சேர்ந்த ஒருவர் சந்தையில் 400 ரூபாய்க்கு ஒரு ஸ்பானர் பெட்டி வாங்கிவந்தார். பளபளவென்று முலாம் பூசியிருந்தது. நானும் பார்த்து நல்லதென்றே சொன்னேன் என்பதை மறைப்பதற்கில்லை. அந்த நவரைப் பட்டத்தில், கதிர் வெளிவரும் தருணத்தில், அவருடைய பம்பு தண்ணீர் இறைக்காமல் நின்றது. குழாய் இணைப்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும். 19 மில்லிமீட்டர் ஸ்பானரை நட்டில் மாட்டி இழுத்தபோது நட்டு அசையவில்லை. ஸ்பானரின் வாய்தான் விரிந்தது. மறுபடி இழுத்தார். நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி அது உருண்டையாகிவிட்டது. அதன்பின் உலகத்திலுள்ள எந்த ஸ்பானரும் அதைப் பிடிக்காது. காஸ் வைத்து அறுக்க ஆள் வருவதற்கு மூன்று நாட்கள் சென்றன. கதிர் வெளிவரும் பருவத்தில் நெல்லுக்குத் தண்ணீர் குறைந்தால் பால் பிடிக்காமல் பதராகும் என்பதைக் குடியானவருக்கு நான் சொல்லவேண்டுவதில்லை. அந்தப் போகத்தில் அவருக்கு நேர்ந்த நஷ்டத்தில் நல்ல ஸ்பானர் பெட்டிகள் பல வாங்கியிருக்கலாம்.

இதன் காரணம் இரும்பின் ஜாதியில் இருக்கின்றது. சாதாரண ஆணியும் கம்பியும் கரி குறைந்த மெல்லிரும்பால் ஆனவை. அதில் கரியின் அளவு நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு. அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் போதிய கடினம் ஏறாது. உளிக்கும் அரத்துக்கும் வேண்டிய எஃகில் கரி நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேலும், சிலவற்றில் ஒரு பங்குக்கு மேலும் இருக்கும். அதைச் செந்நிறமாகக் காய்ச்சித் தோய்த்தால் கண்ணாடிபோல் கடினமாகும். ஆனால் அடித்தால் தெறித்துவிடும். மறுபடி இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் அல்லது நீலநிறம் ஏறும்வரை காய்ச்சினால்தான் கடினமும் உறுதியும் ஒருங்கே நிற்கும். நம் கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பார்கள். நல்ல ஸ்பானர் குரோமியம், வனாடியம் கலந்த எஃகைச் சம்மட்டி யந்திரத்தில் அடித்து உருவாக்கித் தோய்ச்சல் கொடுத்துச் செய்யப்படுவது. மட்டமான ஸ்பானர் மெல்லிரும்புத் தகட்டில் வெட்டப்பட்டு மேலே முலாம் பூசப்பட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எஃகுக்கும் தோய்ச்சலுக்கும் ஆகும் செலவுதான் விலையில் தெரிகின்ற வித்தியாசம்.

கடையிலேயே சோதிக்க வழியுண்டு. சட்டைப்பையில் ஒரு புதிய நட்டும், ஒரு சாதாரண ஆணியும், ஒரு சிறு அரமும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் நட்டை ஸ்பானரின் வாயில் பொருத்தி ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் வாங்கவேண்டாம். பிறகு ஆணியின்மேல் அரத்தை ஒரு முறை இழுத்து, அதே அழுத்தத்துடன் ஸ்பானரின் ஓரத்திலும் இழுத்துப் பாருங்கள். ஆணியைப் போலவே எளிதாகத் தேய்ந்தால் அது மெல்லிரும்பு. அரம் சிரமப்பட்டுத் தேய்த்தால் தோய்ச்சல் உண்டு. கடைக்காரர் முகத்தைச் சுளிக்கலாம். அரம் வைக்க இடங்கொடாத கடையைவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவது நலம். மேலே பொறித்திருக்கும் எழுத்தை மட்டும் நம்புவதற்கில்லை. எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம்.

இதனால் மலிவானதெல்லாம் ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. பலத்தைத் தாங்கவேண்டாத சாமானுக்கு அதிக விலை கொடுப்பதும் வீணே. புனல், கிரீஸ் டப்பா, கம்பித் தூரிகை, அளவு நாடா, ஹாக்ஸாவின் சட்டம், சாமான் பெட்டி இவற்றை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். ஹாக்ஸாவின் சட்டம் மலிவாயினும் அதில் மாட்டும் பிளேடு நல்லதாயிருக்கவேண்டும். வருஷத்தில் இரண்டு முறை மட்டும் தேவைப்படும் பெரிய ஸ்பானரை அண்டைவீட்டாரிடம் இரவல் வாங்கலாம். வைஸ் வேண்டியவர்கள் புது மட்டச் சரக்கை வாங்குவதைவிடப் பழைய கனமான ஒன்றைத் தேடுவது மேல். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய மோட்டார் உறுப்புகள் விற்கப்படுவது யாவரும் அறிந்ததே. அங்கே கிடைக்கும் லாரியின் பட்டை ஸ்பிரிங்கு நல்ல எஃகு. அதைக் கொண்டு கைதேர்ந்த கொல்லன் அடித்துத் தரும் உளிக்கும் கத்திக்கும் பெட்டிக்கடைச் சாமான் ஈடாகாது. கொல்லன் இன்னும் உலை மூட்டுகின்ற ஊரிலுள்ளவர்கள் பாக்கியசாலிகள்.

விலை அதிகமென்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய திருஷ்டாந்தம் உண்டு. அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சைதாப்பேட்டையில், 1865இல் கவர்னர் சர் வில்லியம் டெனிசன் காலத்தில் சர்க்கார் பண்ணை ஏற்பட்டது. நீராவிக் கலப்பை முதலான விலையுயர்ந்த சீமைக் கருவிகள் அதற்குத் தருவிக்கப்பட்டன. நீராவிக் கலப்பை நம் குடியானவர் எவருடைய வயலிலும் வேரூன்றவில்லை. வேலைக்கும் நிலத்துக்கும் ஏற்றதா என்பதைப் பாராமல் விலையையோ பெயரையோ பார்ப்பது இரு பக்கத்திலும் தவறு.

ஆனால் இரண்டு இடங்களில் மலிவுக்கு இடங்கொடுக்கவே கூடாது. முதலாவது மின்சாரம். பம்பு ஸ்டார்ட்டரில் கைவைக்கும் குறடும் திருப்புளியும் 1000 வோல்ட்டுக்கு உரிய காப்புறை உடையனவாக, அதற்குரிய குறி பொறிக்கப்பட்டனவாக இருக்கவேண்டும். அப்போதும் மெயினை அணைத்த பின்னரே தொடவேண்டும். ஈர வரப்பில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் காப்புறையில் ஒரு வெடிப்பே யமன். இரண்டாவது சுழலும் கிரைண்டர். கையில் பிடிக்கும் சிறு கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்குமேல் சுற்றும். அதன் 100 மில்லிமீட்டர் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது. சக்கரத்தில் குறித்துள்ள சுற்று அளவு மெஷினுடையதைவிடக் குறைந்திருந்தால் அதை மாட்டவே கூடாது. பிசின் கொண்டு செய்யப்படும் இச்சக்கரங்களுக்குக் காலவரம்பு உண்டு. நடுவிலுள்ள உலோக வளையத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். மேல்மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் வழக்கத்தை நம் ஊர்களில் நிறையக் காண்கிறேன். சுத்தியலும் அப்படியே. வார்ப்பிரும்புத் தலையுள்ள மட்டச் சுத்தியலில் சில்லுத் தெறித்தால் கண் போகும்.

நம் பக்கத்துக்கு மட்டும் உரிய விஷயம் ஒன்றையும் குறிப்பிடவேண்டும். கோவளத்துக் கடற்காற்றும் முட்டுக்காட்டுக் கழியும் உப்பளங்களும் உள்ள இடத்தில் இரும்பு விரைவில் துருவேறும். மட்டச் சரக்கின் முலாம் ஓர் ஐப்பசி கார்த்திகை மழைக்குள் உரிந்துவிடுகின்றது. நல்ல சரக்கும் கவனிக்காவிட்டால் பாழே. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வீட்டுக்குள் வைக்கவேண்டும். பம்பு ஷெட்டின் சுவரில் தொங்கவிடக் கூடாது. இதற்குக் காசு செலவில்லை. ஆயினும் நான் போகும் ஷெட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஸ்பானர்கள் சுவரில்தான் தொங்குகின்றன.

நம் இலாகாவுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மேலதிகாரிகள் பொறுத்துக்கொள்வார்களென நம்புகிறேன். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ்ச் சிறு குறு விவசாயிகளுக்கு யந்திர விலையில் 50 சதவிகிதம்வரை மானியம் கிடைக்கின்றது. மெத்த நல்லது. ஆயினும் அப்படி வாங்கிய களையெடுக்கும் யந்திரம் ஒன்று, இறுகிப்போன ஒரு போல்ட்டைக் கழற்ற நல்ல ஸ்பானர் இல்லாமல் ஒரு பருவம் முழுதும் மாட்டுக்கொட்டிலில் கிடந்ததை நான் கண்டேன். யந்திரத்துக்கு மானியம் கொடுக்கும்போதே அதற்குரிய ஐந்தாறு நல்ல ஸ்பானர்களையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கந்தோறும் ஒரு நல்ல பெட்டியை வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கலாம். பத்துக் குடும்பங்கள் கூடிப் பணம் போட்டும் இதைச் செய்யலாம். திருப்பித் தராதவரிடம் கேட்பதற்கு மட்டும் சற்றுத் தைரியசாலி ஒருவரைப் பொறுப்பாளராக வைக்கவேண்டும்.

அந்த விரிந்த 19 மில்லிமீட்டர் ஸ்பானரை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி என் மேஜையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் நல்ல ஸ்பானர் ஒன்றும், அரமும், ஆணியும் இருக்கின்றன. கேளம்பாக்கம் வருகிறவர்கள் தங்கள் ஸ்பானரையும் கொண்டுவந்து தேய்த்துப் பார்க்கலாம்.