பாடுவோர் இங்கேயே இருக்கின்றனர்

"சென்னையிலிருந்து ஒரு பெரிய வித்வானையாவது வரவழைக்காமல் வாய்ப்பாட்டு விழாவா? யார் வந்து கேட்பார்கள்?" நம் இராமகிருஷ்ணபுரத்தில் முதன்முறையாக ஒரு விழா எடுப்போம் என்று பேச்செழுந்த அன்றே இக்கேள்வியும் எழுந்தது. கேட்டவர்கள் நம் அன்பர்களே; இசையில் மெய்யான நாட்டமுடையவர்களே. ஆயினும் இதை நாம் ஏற்பதற்கில்லை.

பெரிய வித்வான்களைக் கேட்கத் தில்லியில் சபைகளுக்குக் குறைவில்லை. நாற்பது ஐம்பது குடும்பங்கள் திரட்டும் பணத்தில் மூவருக்கு விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் கொடுத்து, ஒரே மாலையில் விழாவை முடித்துவிடுவதில் என்ன பெருமை? மறுநாள் காலையில் நம்மிடம் எஞ்சுவன வாடகை ஜமக்காளமும் பாக்கிக் கணக்குந்தாம்.

"தரம் தாழ்ந்துவிடும்" என்பது அடுத்த வாதம். இது புதியதன்று. 1941-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் தமிழிசை மாநாடு கூடித் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடத்தைக் கேட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னை மியூசிக் அகாதெமி, மொழியின் பொருட்டு இசையின் தரம் குறைந்துவிடலாகாது என்று தீர்மானித்தது. தரம் என்பது எவ்வளவு வசதியான தாழ்ப்பாள்! முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் தியாகையருக்கு முன்னரே கீர்த்தனை செய்தவர்கள் என்பது அந்தத் தாழ்ப்பாளுக்குத் தெரியவில்லை. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றித் தமிழ்ப் பாடல்களைக் கொண்டே கச்சேரிகள் நடத்திக் காட்டிற்று.

பல்லவி முடிந்து, கடைசிப் பேருந்துக்கு அவையோர் எழுந்தோடும் வேளையில் துக்கடாவாகத் தமிழைப் பாடிய காலத்தை நம் பெரியோர் அறிவர். அதே துக்கடா இடத்தைத்தான் இன்று நாம் நம் பிள்ளைகளுக்கு ஒதுக்குகின்றோம்: வித்வான் வந்து சேரும்வரை ஒப்புக்கு ஓர் இறைவணக்கம்!

திருவையாற்றை எண்ணிப் பார்க்கலாம். தியாகையர் சமாதியில் கோயிலெழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே ஆராதனையில் பாட இடமில்லை என்றனர். அவர் பெண்களைத் திரட்டித் தனியே பாடினார். இன்று அங்கே பஞ்சரத்தினம் பாடுகையில் புகழ்பெற்றவரும் பெயரறியாதவரும் ஒரே தரையில் அமர்கின்றனர்; தரம் தாழ்ந்ததாக எவரும் புலம்பவில்லை. அவ்வளவு தொலைவுகூட வேண்டா. ஏ. எஸ். இராகவன் இத்தில்லியிலேயே தொடங்கிய திருப்புகழ் வகுப்புகளில் பாடிப் பழகியவர்கள் இல்லத்தரசியரும் அலுவலகம் சென்று வருவோருமே.

நம் தெருவில் ஒரு சிறுமி தமிழ்ப் பாடலைத் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறாள். ழகரம் லகரமாகிறது. கேட்டு நகைத்தவர்களுள் நாமும் உண்டு; வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அவளுக்கு மேடையும் ழகரமும் கொடுப்பதை விட்டு, விருந்தினர் கழுத்தில் மாலையிடச் சொன்னால் ஓராண்டில் அந்த நோட்டை மூடிவிடுவாள்.

ஆகவே மூன்று மாலைகள், பாடுவோர் நம்மவர், தமிழ்ப் பாடல் தொடக்கத்திலும் நடுவிலும். தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளை விலக்கச் சொல்லவில்லை. அவையும் நம் வீட்டுச் சொத்தே. தம்புரா கிடைக்காவிடில் சுருதிப் பெட்டி போதும்.

பெரிய வித்வானைக் கேட்ட அன்பர்களுள் இருவருக்கு நல்ல சாரீரம் உண்டு. அவர்கள் பெயர்களை முதல் நாள் நிரலிலேயே எழுதிவிட்டோம்.