பள்ளத்தில் இருப்பவர்களைப் பட்டியலில் சேருங்கள்

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று கடலூர் மூச்சுவிட்ட நேரத்தில் தென்பெண்ணை கரைமீறிக் குண்டுஉப்பலவாடிக்குள் புகுந்தது. திருப்பாதிரிப்புலியூரை ஒட்டி ஓடும் கெடிலத்தின் கரையில் குடியிருப்பவர்களுக்கும் இது புதிய அனுபவம் அல்ல. 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் வீடுகளோடு உயிர்களையும் ஓடை வெள்ளம் இழுத்துச் சென்றதை மாவட்டம் மறந்திருக்காது.

மாமன்றத்தில் நிலப் பயன்பாடு ஒரு பொருளாகவும் மழைக்கால முன்னேற்பாடு வேறொரு பொருளாகவும் வைக்கப்படுகின்றன. சேரியில் வசிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் ஏன் பள்ளத்தில் இருக்கிறார் என்பதற்கு விடை மழையில் இல்லை. மேட்டு நிலம் ஊருக்கு, வாய்க்கால் ஓரம் சேரிக்கு என்று யாரோ எப்போதோ பிரித்ததில் இருக்கிறது. குடியிருக்கும் மனைகூடப் பறையருக்குச் சொந்தமில்லை என்று செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இலேயே அரசுக்கு எழுதினார். இன்றும் பட்டா இல்லாத தெருக்கள் பல. பட்டா இல்லையென்றால் வரைபடத்தில் வீடு இல்லை. ‘நீர்நிலைப் புறம்போக்கு’ என்ற வகைப்பாடு மட்டும் இருக்கும்.

ஏரி ஓரத்து விளைநிலத்தை மனைப்பிரிவாக்க நினைப்பவருக்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு மனுப்போட வழி இருக்கிறது. கரையோரக் குடிசைக்காரருக்கு வருவது காலி செய்யும் நோட்டீஸ். வெள்ளத்தில் குடியிருக்கும் உரிமை கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தொலைவில், மேட்டில், பட்டாவோடு இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்ட வரைவின் மீது ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 2 மாதம் அவகாசம் தர வேண்டும். அந்த வரைவு அரசிதழில் மட்டும் வந்தால் போதாது. காலனி ரேஷன் கடைச் சுவரிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

அடுத்தது தன்னார்வலர் நிதி. எந்த வெள்ளத்திலும் மீட்புப் படகு வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் கயிற்றைக் கட்டுவதும் கிழவியைத் தோளில் தூக்குவதும் தெருப்பையன்கள்தான். வெள்ளம் வடிந்த பிறகு சேற்றை அள்ள வருகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்துக் கரையில் சடலங்களை அப்புறப்படுத்த அவர்களே அழைத்து வரப்பட்டார்கள், போதிய பாதுகாப்புக் கவசம்கூட இல்லாமல். தன்னார்வலர் என்ற மரியாதையான பெயர் இவர்களில் யாருக்கும் கிடைத்ததில்லை.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 15-வது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதத்தை முன்னேற்பாட்டுக்கும் திறன் வளர்ப்புக்கும் என்றே ஒதுக்கியது. ‘ஆப்த மித்ரா’ திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலரைப் பயிற்றுவிக்க ரூ.369.41 கோடியில் விரிவுபடுத்தப்பட்டது. பயிற்சி 12 நாள். கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் கொத்து வேலைக்குப் போகிறவர் 12 நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்? அந்த நாள்களின் கூலி உறுதி செய்யப்படாவிட்டால், மாடியில் குடியிருப்பவர் சான்றிதழ் வாங்குவார். பள்ளத்தில் குடியிருப்பவர் அவருக்காகக் காத்திருப்பார். உயிர்காக்கும் மேலங்கியும் கயிறும் டார்ச்சும் தாலுகா அலுவலகத்துப் பூட்டிய அறையில் இருந்தால் நள்ளிரவில் யாருக்குப் பயன்?

2025-இல் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாநகராட்சி உள்ள நகரங்களில் ஆணையர் தலைமையில், ஆட்சியரைத் துணைத் தலைவராகக் கொண்டு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க இடம் தருகிறது. கடலூர் 2021-இல் மாநகராட்சியானது; எனவே இது நமக்கும் பொருந்தும். மாவட்ட மக்கள்தொகையில் 29 சதவீதத்துக்கு மேல் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. அந்த ஆணையத்தில் சேரித் தெருக்களின் பிரதிநிதியும் தூய்மைப் பணியாளர் பிரதிநிதியும் இல்லாமல் வெள்ளத் திட்டம் எழுதப்பட்டால், அது மேட்டுத் தெருவின் திட்டமாகத்தான் இருக்கும். நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று மூலச் சட்டத்தின் 61-வது பிரிவு சொல்கிறது. முன்னேற்பாட்டுக்கும் அதே நியாயம் வேண்டும். அரிசி மூட்டை பங்கிடும்போது மட்டும் சமத்துவம் பேசிப் பயனில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் பகுதி சபை கூடும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவுக்கு இத்தனை வீடு, இத்தனை முதியோர், கர்ப்பிணிகள், நீந்தத் தெரிந்த இளைஞர் இத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மீட்புக் கருவிகள் காலனியிலேயே வைக்கப்பட வேண்டும், பயிற்சி நாளுக்குக் கூலி வேண்டும் என்ற இரண்டையும் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லி, நகல் வாங்காமல் திரும்பாதீர்கள்.