வெள்ளோட்டத் தேரும் தரவுத்தளமும்

புதிய தேர் செய்வித்தால், மூர்த்தியை எழுந்தருளச் செய்யுமுன் வெள்ளோட்டம் விடுவது நம் ஆலய வழக்கம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடும் படகுக்கும் வெள்ளோட்டம் வேண்டியதே. வெறும் படகு மிதந்ததைக் கண்டு, பாரமேற்றிய படகும் மிதக்கும் எனத் துணிதல் ஆகாது. பாரம் ஏற்றியே பார்த்தல் வேண்டும். ஆனால் அப்பாரம் மணல் மூட்டையாக இருக்கலாமேயன்றி மனிதராக இருத்தல் கூடாது.

கணினித் துறைக்கும் இவ்விதி பொருந்தும். ஊர்காவற்றுறையில் வைத்தியசாலையொன்று நோயாளர் பதிவேட்டைக் கணினியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதற்குப் புதிய செயலி எழுதப்படுகின்றது. அன்றாட அலுவல் நடைபெறும் தரவுத்தளத்திலேயே அதனைச் சோதித்தல் அடாது. பத்துப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தாலோ, வெறும் படகை மிதக்கவிட்ட கதையாகும். ஆதலால் பதிவேடு முழுவதையும் பிரதி செய்து, வேறொரு கணினியில் வைத்துச் சோதிப்பர்.

பிரதி செய்யும் வழிகளுள் முக்கியமானவை இரண்டு. தரவுகள் உறையும் வட்டின் அந்நேர நிலையை அப்படியே பிடித்துக்கொள்வது ஒன்று, இது விரைவானது. இரவுதோறும் எடுக்கும் காப்புப் பிரதியைச் சோதனைக் கணினியில் மீள விரிப்பது மற்றொன்று. இதற்குக் காலம் செல்லும். எனினும் காப்புப் பிரதி பழுதற்றதா என்பதும் உடன் புலனாகும்.

இதன் அருமையை ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். 2017 ஜனவரி 31இல், மென்பொருள் எழுதுவோரின் கோப்புகளைக் காத்துவைக்கும் கிற்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். நாள்தோறும் உருவாவதாக எண்ணியிருந்த காப்புப் பிரதிகளைத் தேடியபோது, அவை உருவாகவேயில்லை என்பது தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைக்கென எடுத்த பிரதியே கைகொடுத்தது.

பிரதியால் கேடு விளைந்ததும் உண்டு. 2015இல் பேற்றியன் என்னும் இணையத்தளத்தில், வெளியாருக்குத் திறந்து கிடந்த சோதனைத் தளத்தின் வழியே திருடர் நுழைந்தனர். அங்கே மெய்யான தரவுகளின் பிரதி இருந்தது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியாயின.

ஆகவே பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் ஆகியவற்றை மாற்றிய பின்னரே பிரதியைச் சோதனைக்குக் கொடுத்தல் வேண்டும். மாற்றுவதிலும் ஒழுங்கு தேவை. பதிவேட்டில் கந்தையா முருகேசு ஆனால், மருந்துச் சீட்டிலும் அவர் முருகேசுவே ஆதல் வேண்டும். இன்றேல் நோய் ஒருவருக்கும் மருந்து வேறொருவருக்குமாய்ச் சோதனையே குழம்பிவிடும். சோதனைக் கணினியிலிருந்து எவருக்கும் குறுஞ்செய்தி செல்லாதவாறும் தடுத்துவிடல் வேண்டும்.

நம் தீவுகளில் இதுவும் போதாது. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில், பிறந்த தேதியும் நோயும் தெரிந்தாலே ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவர். எனவே தேதிகளையும் சற்று நகர்த்திவைத்தல் நன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டமும் உடல்நல விபரங்களைத் தனிக் கவனத்துக்குரியனவாகவே வகுத்துள்ளது. நோயாளி தம் நோயை நம்பிச் சொன்னது வைத்தியருக்கு. செயலி எழுதுவோருக்கு அன்று. கணினி பயிலும் மாணவர் இதனை முதற் பாடமாகக் கொள்வாராக.